பத்து பாகை வரைக்கும்

ஹாப்ஸாலுவில் ஜூன் மாத இரவு
இருட்ட மறந்து நிற்கிறது.
கடலோரப் புல்வெளியில் எங்கள் ஊஞ்சல்:
கயிறு இல்லை, சங்கிலி இல்லை,
ஐந்தரை மீட்டர் இரும்புக் குழாய் இரண்டு,
அடியில் ஒரு பலகை,
பலகையோடு பட்டி போட்டு இறுக்கிய
லீலோவின் இரண்டு கால்கள்.

தலைகீழாய் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வெற்றி.
சுற்றாவிட்டாலும் பீர் உண்டு,
கேலி கூடுதலாய் உண்டு.

குழாய்களைப் பற்றவைத்தவன் நான்.
ஸ்டாப்வாட்சும் என் கையில்தான்.
முந்தாநாளே கணக்குப் போட்டுவிட்டேன்
மளிகைச் சீட்டின் முதுகில்:
நீளத்தை ஈர்ப்பால் வகுத்து,
வர்க்கமூலம் எடுத்து,
இரண்டு பை-யால் பெருக்கி,
போய்வர நாலேகால் விநாடி.

அதற்கு ஒரு பொய் தேவைப்பட்டது.
சைன் என்று எழுதியிருந்த இடத்தில்
சைனை அடித்துவிட்டுக்
கோணத்தையே வைத்தேன்.

பெரிய பொய் அல்ல.
பத்து பாகையில்
பத்தாயிரத்துக்கு ஒன்பது பிசகும்.
எந்தத் தராசும் முகம் சுளிக்காது.
அவ்வளவு சின்ன ஆட்டத்தில்
வில்லுக்கும் நாணுக்கும் நடுவே
ஒரு முடி நுழையாது;
வளைந்து போனாயா நேராய்ப் போனாயா என்று
யாரும் கேட்கமாட்டார்கள்.

துர்க்குவும் அப்படித்தான் ஆரம்பித்தது.
கப்பல் பட்டறையில் வண்ணம் பூசும் வேலை.
திங்கள் போய் வெள்ளி வருவாள்.
நாலு நாள்தானே என்றாள்.
நாலு நாள்தானே என்றேன் நானும்.
பிறகு இரண்டு வாரம்.
பிறகு கடல் உறைந்து உருகும் வரைக்கும்.
ஒவ்வொரு தடவையும்
போன தடவையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.
எட்டிப் போகப் போக
வந்து சேரும் நேரமும் நீளும் என்பது
நான் அடித்துவிட்ட அந்தச் சொல்லுக்குள்தான் இருந்தது.

குந்துகிறாள், நிமிர்கிறாள்.
குந்துகிறாள், நிமிர்கிறாள்.
முப்பது பாகை. கடிகாரம் என் சீட்டோடு ஒத்துப்போகிறது,
கிட்டத்தட்ட.
தொண்ணூறு. குழாய் படுத்துவிட்டது. ஐந்து விநாடி.
நூற்றைம்பதில் ஏழரை.
மீன் புகைத்துக்கொண்டிருந்த ஊர்மாஸ் எட்டிப் பார்த்து
"வாட்ச் பழுதா?" என்கிறான்.
வாட்ச் சரிதான், ஊர்மாஸ்.
என் சூத்திரம்தான் கைக்குழந்தை;
தவழும் தூரத்துக்குமேல் அதற்குத் தெரியாது.

அடுத்த வீச்சில் மேலே போனவள்
மேலேயே நிற்கிறாள்.
கால் வானத்தில்.
பின்னல் தரையைப் பார்த்து
கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி தொங்குகிறது.
நேர் உச்சிக்கு இன்னும் ஒரு விரற்கடை.
இந்த இடத்தில்
நேரம் முடிவிலியை நோக்கி ஓடும் என்று படித்திருக்கிறேன்.
ஓடவில்லை.
புகைக்குள் இடுக்கியோடு ஊர்மாஸ் அப்படியே நிற்கிறான்,
ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.
இந்தப் பக்கம் சாய்ந்தால்
வந்த வழியே வருவாள்.
அந்தப் பக்கம்

சாய்ந்தாள்.

இரும்பு முனகியது.
என் பற்றவைப்பு தாங்கியது.
புல்வெளி முழுக்கக் கத்தியது,
நான் கத்தினேனா தெரியவில்லை.
என் முகத்தில் காற்று அடிக்க
அடிப்புள்ளியைக் கடந்தாள்.
திரும்பாமலே
புறப்பட்ட இடத்துக்கு வந்துவிட்டாள்.

பட்டியை அவிழ்த்தபடி கேட்டாள்,
"எவ்வளவு?"
நான் பொத்தானை அழுத்தவே இல்லை.
உள்ளங்கைக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
"நாலேகால்" என்றேன்.
சிரித்தாள்.
அந்தக் கணக்கு அவளுக்கும் தெரியும்.

"ஆகஸ்டில் ஆறு மீட்டர் வைத்துப் பார்க்கலாமா?"

ஆகஸ்டில் வருவாயா என்று நான் கேட்கவில்லை.
மளிகைச் சீட்டில்
பாலுக்கும் ரொட்டிக்கும் பின்னால் மிச்சமிருந்த ஓரத்தில்
ஆறு என்று எழுதினேன்,
சமன்பாட்டை மறுபடி எழுதினேன்,
இந்தத் தடவை
சைனை அடிக்காமல்.